மூடிக்குக் கீழே

கதை எழுதுகிறவன் மோட்டார் என்ஜினைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வாசகர்களுக்குச் சற்று அச்சம் உண்டாவது இயற்கை. என்ஜினைச் சாக்காக வைத்துக்கொண்டு கடைசியில் வாழ்க்கையைப் பற்றி உபதேசம் செய்துவிடுவானோ என்கிற அச்சம். அப்படி எதுவும் செய்வதாக உத்தேசம் இல்லை. நாலு சிலிண்டர் உள்ள ஒரு டர்போ என்ஜினில் ரப்பர் ஓஸ்களைக் கழற்றி, டாப்பெட் கவர் என்று சொல்கிறார்களே, அந்த மேல் மூடியை எடுத்துவிட்டுப் புதிது போட்டார்கள். ஒரு பகல் முழுவதும் பக்கத்தில் நின்று பார்த்தேன். சொல்லப் போவது அவ்வளவுதான்.

கார் என்னுடையது அல்ல, அண்ணனுடையது. அண்ணன் 2023-ஆம் வருஷம் மாசி மாதம் காலமானார். வயது ஐம்பத்திரண்டு. ரத்தக் கொதிப்பு இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைப் பற்றி இங்கே வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் கார் கொட்டகையில் கிடந்தது. அண்ணன் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய சமயம் வந்தபோது, விற்றுவிடலாம் என்று அண்ணி தீர்மானித்தாள். பழைய கார் வாங்கி விற்கிறவர் ஒருவர் வந்தார். வேறு பாட்டரி வைத்துக் கிளப்பிப் பார்த்தார். கிளம்பியது, ஆனால் ஜன்னி கண்டவன் மாதிரி உடம்பெல்லாம் நடுங்கிற்று. கூடவே மெல்லிய ஒரு விசில் சத்தம். அவர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, “டர்போ போச்சுங்க. என்ஜினையும் இறக்கணும். ஒரு லட்சம் தர்றேன்” என்றார். பிறகு ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் காட்டினோம். கண்ணாடி அறை, குளிர்ந்த காற்று, காகிதக் கோப்பையில் காப்பி. அங்கே கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, டர்போ உட்பட 1,90,000 ரூபாய் ஆகும் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். நிலையத்தின் பெயர் எதற்கு? காப்பி நன்றாகத்தான் இருந்தது.

“தம்பி, ஒரு லட்சத்துக்கே குடுத்துடலாமா?” என்று அண்ணி கேட்டாள். நல்ல நிலையில் இருந்தால் அந்த வண்டிக்கு மூன்றரை லட்சத்துக்குக் குறையாது. இடையில் இருந்த தொகை, பெண்ணின் முதல் இரண்டு வருஷத்துப் படிப்புச் செலவு.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். பதினாலு வயதில் ஒரு பஸ் கம்பெனிக் கொட்டகையில் ஸ்பேனர் துடைக்கப் போனவர். கோயமுத்தூரில் இப்படிப்பட்டவர்கள் அதிகம். ஜி.டி. நாயுடு உலவிய ஊரல்லவா? இரும்பைப் பிரித்துப் பார்க்காமல் தூக்கம் வராத ஜனங்கள். அவர் கம்ப்யூட்டரைத் தேடவில்லை. என்ஜினை ஓட விட்டு, ஆயில் ஊற்றுகிற துவாரத்தின் மூடியைத் திருகிப் பார்த்தார். மூடி லேசில் வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பலங்கொண்டு எடுத்ததும் விசில் சத்தம் நின்றுவிட்டது. என்ஜினின் தள்ளாட்டமும் வேறு விதமாக மாறிற்று. திரும்ப வைத்தார். திரும்ப விசில்.

“டர்போவும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க. மேல் கவருக்குள்ள ஒரு ரப்பர் இருக்குதுங்க, அது கிழிஞ்சு போச்சு. அங்கதான் காத்து வாங்குது.”

இதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. வாசகர்களுக்கு அவ்வளவு ஆகாது.

டர்போ என்றால் மாயம் ஒன்றும் இல்லை. என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. அடுப்புப் புகையே ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினால் எப்படி இருக்கும், அப்படி. ஆல்ஃபிரெட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து என்ஜினியர் 1905-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். விற்பனைக்கு வந்த கார்களில் இதைப் பொருத்தியது வெகு காலம் கழித்து, 1962-இல், அமெரிக்காவில். ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் ஒன்று, செவ்ரலே கோர்வேர் மோன்ஸா ஸ்பைடர் ஒன்று. ஜெட்ஃபயருக்கு மெதனாலும் தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனியாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கியவர்களில் பலர் ஊற்ற மறந்தார்கள். வாரா வாரம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறக்கிற மனிதனை நம்பி இப்படி ஒரு வண்டி செய்தவரை என்ன சொல்ல!

மேல் மூடிக்கும் டர்போவுக்கும் என்ன சம்பந்தம்? பிஸ்டனைச் சுற்றி எவ்வளவு நெருக்கமாக வளையம் போட்டாலும், எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசிந்து ஆயில் இருக்கும் இடத்தில் சேரத்தான் செய்யும். பழைய வண்டிகளில் அதை ஒரு குழாய் வழியாகத் தரையைப் பார்த்து விட்டுவிடுவார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் புகைமூட்டத்தில் கண் எரிந்த கலிபோர்னியாக்காரர்கள், 1961-ஆம் வருஷத்து மாடல் கார்களிலிருந்து அதைத் திரும்ப என்ஜினுக்கே அனுப்பி எரிக்க ஏற்பாடு செய்தார்கள். டர்போ வண்டியில் இதற்கு இரண்டு வழி வேண்டும். வண்டி சும்மா நின்று ஓடும்போது காற்று போகிற பாதையில் உறிஞ்சல் இருக்கிறது; வாயு ஒரு ஓஸ் வழியாக அங்கே போய்விடும். டர்போ வேலை செய்யத் தொடங்கியதும் அதே பாதையில் உறிஞ்சல் போய் அழுத்தம் வந்துவிடுகிறது. அது பின்னால் பாய்ந்து வராமல் ஒரு சிறு வால்வு கதவைச் சாத்திக்கொள்ளும். வாயு இன்னொரு ஓஸ் வழியாக டர்போவின் வாய்க்குப் போகும். இந்த உறிஞ்சலை அளவோடு வைத்திருக்கத்தான் அந்த ரப்பர். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு தகடு. அது கிழிந்தால் கணக்கில் வராத வெளிக்காற்று உள்ளே போகிறது, என்ஜின் நடுங்குகிறது, விசில் அடிக்கிறது.

அந்த ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்காது. பிளாஸ்டிக் மூடியோடு சேர்த்து வார்த்து ஒட்டிவிட்டார்கள். ஆகவே முழு மூடியையும் வாங்க வேண்டும், 22,000 ரூபாய். சட்டைப் பொத்தான் அறுந்தால் சட்டையையே மாற்று என்கிற தத்துவம் இது. மெக்கானிக்குக் கோபம் வரவில்லை. எனக்குத்தான் வந்தது.

நாலு நாளில் சென்னையிலிருந்து மூடி வந்து சேர்ந்தது. ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு, என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருந்தபோது, பாட்டரி வயரைக் கழற்றி வேலையைத் தொடங்கினார்.

நான் எதிர்பார்த்தது ஸ்பேனர் வேலை. பார்த்தது, வைத்தியர் கட்டுப் பிரிக்கிற மாதிரியான வேலை. முதலில் காற்றுப் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகிற பெரிய ஓஸ். பிறகு அதில் வந்து சேருகிற பிரீதர் ஓஸ். பிறகு சின்னச் சின்ன வாக்குவம் ஓஸ்கள். உதவிக்கு இருந்த பையன் ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டான். பெரியவர் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அவர் பங்குக்கு ஓஸிலும் அது போய்ச் சேருகிற மூக்கிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரே கோடாக இழுத்தார். “போட்டோவுல எங்க மாட்டுறதுன்னு தெரியும் கண்ணு. எவ்வளவு திரும்பி இருந்துச்சுன்னு தெரியாது.”

பையன் ஒரு ஓஸை இழுக்கப் போனான். “இழுக்காதே, திருகு!” என்று ஒரு அதட்டல். பல வருஷம் சூட்டில் கிடந்த ரப்பர் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் கிளிப்பைத் தளர்த்தி, இருந்த இடத்திலேயே இப்படியும் அப்படியும் திருகி ஒட்டை விடுவித்த பிறகுதான் உருவ வேண்டும். அப்படியும் பிரீதர் ஓஸ் ஒன்று முறுக்கு மாதிரி ஒடிந்தது. ஆயில் ஆவியும் சூடும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டிருந்தன. அதற்கு மாற்று ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

ஓஸ் கழன்றதும் டர்போவின் வாயைச் சுத்தமான சிவப்புத் துணியால் அடைத்தார். இன்னொரு வாய்க்கு இன்னொரு துணி. “ரெண்டு துணிங்க. ஞாபகம் வெச்சுக்குங்க” என்று என்னிடம் ஒப்படைத்தார். அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒரு சிறு நட்டு உள்ளே விழுந்தால், மூடிக்கு 22,000 கொடுத்தவர்கள் டர்போவுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதுதான். அன்றைக்கு என் உத்தியோகம் அந்த இரண்டு துணிகளை எண்ணிக்கொண்டிருப்பது.

கழற்றிய கிளிப்புகளைப் போட ஒரு நீளமான தகரத் தட்டு வைத்திருந்தார். விசாரித்ததில் அது ஒரு அம்பாஸடர் காரின் டாப்பெட் மூடி. 2014-இல் அந்தக் கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள். தட்டு இன்னும் உழைக்கிறது. “அந்தக் காலத்துல மேல ரெண்டே நட்டுங்க. எடுத்தா வந்துரும். கீழ கார்க் பேக்கிங். டீ வர்றதுக்குள்ள மாத்திருவோம்.”

இதில் பதினைந்து போல்ட். அதற்கு முன்னால் நாலு இக்னிஷன் காயில்களையும் கழற்றியாக வேண்டும். மூன்றாவது காயில் வெளியே வந்தபோது நுனியில் ஆயில் சொட்டிற்று. பேக்கிங்கும் போய்விட்டது என்று அர்த்தம். போல்ட்களை ஓரத்திலிருந்து ஆரம்பித்து, எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒரு அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, ஓட்டை போட்டு, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த ஓட்டையில் குத்தி வைத்தார். இரண்டு போல்ட் மட்டும் நீளம் அதிகம். இடம் மாறினால் வம்பு.

மூடி ஒட்டிக்கொண்டு வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினியத்தில் கீறல் விழுந்து ஆயுள் முழுவதும் ஆயில் ஒழுகும். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஈரக் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மூடி கையோடு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். வேலைக்கு முன்பணம் கொடுக்க வந்தவள்.

உள்ளே இரண்டு கேம் தண்டுகளும் பளபளவென்று கிடந்தன. சுற்றியிருந்த அலுமினியத்தில் மட்டும் தேன் நிறத்தில் லேசான ஒரு பூச்சு. கரி இல்லை, கசடு இல்லை. மெக்கானிக் லைட்டை இறக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

“ஆருங்க வெச்சிருந்தது இந்த வண்டிய?”

“எங்க அண்ணன்.”

“ஆயில நேரத்துக்கு நேரம் மாத்தியிருக்காருங்க. மாத்தாத வண்டியா இருந்தா இந்நேரம் தாராட்ட கட்டியிருக்கும். டர்போ வண்டிக்கு ஆயில்தானுங்க உசுரு. புஸ்தகத்துல பத்தாயிரம்னு போட்டிருப்பான். இவரு அதுக்கு முன்னாலயே மாத்தியிருக்கோணும்.”

“ஐயாயிரத்துக்கு ஒரு தடவை” என்றாள் அண்ணி.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயாயிரத்துக்கு ஒரு தடவை. அட்டை எழுதித் தொங்க விட்டிருப்பார். ஒரு நாள் தவறாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்ட வாங்கன்னா நேரமில்லை. இதுக்கு மட்டும்...”

குரல் ஓங்கிவிட்டது. பட்டறையில் இருந்த வேறு இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துக்க வீட்டில்கூட அவள் இப்படிக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மெக்கானிக் ஒன்றும் கேட்காதவர் போல, “அம்மிணி, அந்த லைட்டச் சித்த இக்கட்டால புடிங்க. பையனுக்கு உயரம் பத்தாது” என்றார்.

அவள் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு லைட்டை வாங்கிப் பிடித்தாள்.

பழைய பேக்கிங் துணுக்குகளைச் சுரண்டுவதற்கு இரும்பு உதவாது. பிளாஸ்டிக் சீவுளியால் அங்குலம் அங்குலமாகச் சுரண்டித் துடைத்தார்கள். டைமிங் கவரும் ஹெட்டும் சேருகிற இரண்டு மூலைகளில் மட்டும் கடுகத்தனை பசை வைத்தார். “நெறைய வெச்சா நல்லதுதானே?” என்று அண்ணி கேட்டாள். “இல்லீங்க அம்மிணி. பிதுங்கி உள்ள விழுந்து ஆயில் போற வழிய அடைச்சுக்கும்” என்று விளக்கினார். புது மூடியை நேராக இறக்கி, முதலில் எல்லாப் போல்ட்டையும் கையாலேயே திருகி, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கினார். 10 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பின் நுனியில் ஒரு கிலோ அரிசியைத் தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவு. பலசாலிகள் உடைக்கிற இடம் இதுதானாம். பதினைந்தாவது போல்ட் முடியும் வரையில் அண்ணி லைட்டைக் கீழே வைக்கவில்லை.

துணிகள் இரண்டையும் எண்ணி வாங்கிக்கொண்டார். ஓஸ்கள் வெள்ளைக் கோட்டுக்கு நேராக ஏறின. கிளிப்புகள் புதிது. மணி நாலரைக்குச் சாவியைத் திருப்பினார். வழிந்திருந்த ஆயில் சூட்டில் பட்டு முதலில் கொஞ்சம் புகைந்தது; இரண்டு நிமிஷத்தில் அடங்கிற்று. பானட்டின் மேல் வைத்த டீ கிளாஸில் அலை எழவில்லை. நீலாம்பூர் வரைக்கும் போய்த் திரும்பினோம். விசில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து ஒருவர் கார் பார்க்க வந்தார். நல்ல மனிதர், ஆனால் கெட்டிக்காரர். பழைய வண்டி என்பதால் என்னென்ன வேலை செய்திருக்கிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். “டாப்பெட் கவர் புதுசு. பேக்கிங் புதுசு. பிரீதர் ஓஸ் ரெண்டும் புதுசு, கிளிப்பெல்லாம் புதுசு. டர்போவைத் தொடலை, அதுக்கு ஒண்ணும் இல்லை. ஆயில் அன்னிக்கே மாத்தியாச்சு” என்று வரிசையாகச் சொன்னாள். அவர் 3,40,000-இல் ஆரம்பித்தார். 3,65,000-க்கு முடிந்தது.