நூற்றில் பதினொன்று

நம் லாத்தாவுக்கு வயது அறுபத்தாறு. சென்ற ஆண்டு ரஜப் மாதத்தில் அவர்களுடைய பெருங்குடலில் கட்டி கண்டது. வயிற்றைத் திறந்து அகற்றியாக வேண்டும் என்றார்கள். லாத்தா நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள். முன்னொரு முறை மாரடைப்பு வந்து தேறியவர்கள். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் மருமகனையும் நம்மையும் தனியே அழைத்தார். ஒரு தாளில் மூன்று கோடுகள் கிழித்து, "இவர்களைப் போன்ற நூறு பேரில் ஏறத்தாழப் பதினொருவருக்கு இதயத்தில் பெருந்தீங்கு நேரலாம்" என்றார். வெளியே வந்ததும் மருமகன் நம் கையைப் பற்றிக்கொண்டு, "மாமா, உம்மாவிடம் சொல்ல வேண்டாம்" என்றான். நாமும் தலையசைத்தோம். மௌத்தின் வேளையை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. மனிதன் அதற்குக் கணக்குப் போடுவது குறி சொல்வதற்கு ஒப்பானதன்றோ என்று நமக்கு நாமே ஒரு ஃபத்வாவும் கொடுத்துக்கொண்டோம்.

அந்த ஃபத்வா இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

அந்த மூன்று கோடுகள் எவை என்று மறுநாள் மருத்துவரிடமே கேட்டோம். பொறுமையாக விளக்கினார். 1999இல் தாமஸ் லீ என்பவரும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையொன்றில், இதயமல்லாத உறுப்புகளில் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு வந்த, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன 4,315 பேரை ஆராய்ந்தனராம். ஒரு பகுதியினரிடம் கண்டதை மறு பகுதியினரிடம் சரிபார்த்து, ஆறு அடையாளங்களைத் தேர்ந்தெடுத்தனர். மார்பு, வயிறு, பெருங்குருதிக் குழாய்கள் ஆகியவற்றில் செய்யும் அறுவை ஒன்று. இதயக் குருதிக்குழாய் நோய், இதயம் தளர்ந்த வரலாறு, பக்கவாதம், இன்சுலின் வேண்டியிருக்கும் நீரிழிவு, குருதியில் கிரியாட்டினின் 2 மில்லிகிராமுக்கு மேல் ஏறுமளவு சிறுநீரகம் நலிதல் ஆகியன ஏனையவை. இவற்றுள் ஒன்றுமே இல்லாதவருள் ஆயிரத்தில் நால்வருக்குத்தான் இதயத் தீங்கு நேர்ந்தது. மூன்றும் அதற்கு மேலும் உடையவருள் நூற்றில் பதினொருவர். லாத்தாவிடம் மூன்று இருந்தன.

குறிகாரன் 'உனக்கு இன்னது நடக்கும்' என்கிறான். மருத்துவரோ 'உன்னைப் போன்ற நூறு பேருக்கு இவ்வாறு நடந்திருக்கிறது' என்கிறார். அந்தப் பதினொருவர் யாவர் என்பதை அவர் சொல்வதுமில்லை, அறிவதுமில்லை. இது கைபு அன்று, ளன்னு. உறுதியாகிய யகீனுக்கும் ஐயமாகிய ஷக்குக்கும் இடையே நிற்கும் மேலோங்கிய எண்ணம். திக்குத் தெரியாத வெளியில் கிப்லாவைத் தேடித் தொழுகிறவன் எதைக்கொண்டு தொழுகிறான்? நாம் ஆண்டுதோறும் நடத்தும் பாடமல்லவா இது! மரணம் அஞ்சப்படும் நோயில் ஒருவர் செய்யும் நன்கொடைகள் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். எந்த நோய் அத்தகையது என்பதில் ஐயம் எழுந்தால் நேர்மையான இரு மருத்துவர் சாட்சி சொல்ல வேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) தம் மின்ஹாஜில் விதித்திருக்கிறார்கள். கி.பி. 1277இல் மறைந்த பெருந்தகை அவர்கள். அவர்களுக்கும் முன்பே குர்துபாவின் அபுல் காஸிம் ஸஹ்ராவீ, கைவேலையான ரண சிகிச்சையை நலம் தொடர்வது, பெரும்பாலும் கேடு தொடர்வது என இரண்டாகப் பகுத்து, பின்னதில் அவசரப்பட வேண்டாமென மாணவர்களை எச்சரித்துவிட்டார். எண்தான் புதிது, கேள்வி பழையது.

ஹதீஸ் ஓதியவருக்கு இயல்பாக எழும் கேள்வி ஒன்றும் நமக்கு எழுந்தது. அறிவிப்பாளர் யார்? அந்த நூறு பேர் எந்த ஊரார்? 2013இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியினர் 393 மருத்துவமனைகளின் பதினான்கு லட்சம் நோயாளரைக்கொண்டு மேலும் விரிவான கணிப்பானை உருவாக்கினார்கள். அதிலும் நம் லாத்தாவைப் போல் பழைய சோறும் கருவாடும் உண்டு வளர்ந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? கேட்டோம். "அதனால்தான் ஏறத்தாழ என்றேன்" என்று மருத்துவர் நகைத்தார். அன்றியும் அது இதயத்துக்கு மட்டுமான கணக்கு. நுரையீரல், குடல் தையல், புண் இவற்றின் தீங்குகள் வேறு என்றும் சொன்னார்.

இத்தனை தெளிந்த பின்னும் லாத்தாவிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை. ஏன் என்பதை எழுதக் கூசுகிறது. வாப்பா 1998இல் மௌத்தானார்கள். வாரிசுகள் லாத்தாவும் நாமும் மட்டுமே. விட்டுச் சென்ற தென்னந்தோப்பில் மூன்றில் ஒன்று லாத்தாவுக்கு உரியது. நாம் அதைப் பிரித்துக் கொடுக்கவே இல்லை. பெருநாளுக்கு ஒரு மூட்டைத் தேங்காய் அனுப்புவோம். ஃபராயிள் பாடத்தில் பிறருடைய சொத்துகளைப் பின்னங்களாகப் பிரித்துக் காட்டும் நம் கை, அந்தத் தோப்பின் பத்திரத்தை மட்டும் தொட்டதில்லை.

லாத்தாவே கேட்டார்கள். "தம்பி, டாக்டர் என்ன கணக்குச் சொன்னார்? என் மகன் முகம் சரியாக இல்லையே."

சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால் எண்பத்தொன்பது பேருக்கு இதயத்தில் ஒன்றுமில்லை" என்றார்கள். பிறகு, "அந்தப் பதினொன்றில் நான் இருந்துவிட்டால்? என்னோடு இருக்கும் அந்த அனாதைப் பெண்ணுக்கு வஸிய்யத்து எழுத வேண்டும். என் கையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? தோப்பு எனக்கு எவ்வளவு என்று நீதான் சொல்லேன். ஓதிக்கொடுக்கிறவன்தானே?" என்றார்கள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்போம்.

எண்ணைச் சொன்னதில் வேறொரு பயனும் விளைந்தது. மருத்துவர் அறுவையை மூன்று வாரம் தள்ளி வைத்தார். குருதிச் சோகைக்கு இரும்புச் சத்து ஏற்றினார்கள். இதய மருத்துவர் மாத்திரைகளைச் சீர்படுத்தினார். நாள்தோறும் தெருக்கோடிவரை நடக்கச் சொன்னார்கள். கணக்கு அறிந்தவராகையால் லாத்தா ஒருநாளும் நடையைத் தவறவிடவில்லை. அந்த மூன்று வாரத்துக்குள் பதிவு அலுவலகத்துக்கும் போய் வந்தோம்.

இதயத்துக்கு ஒன்றும் நேரவில்லை. புண்ணில் சீழ் பிடித்தது. எவரும் கோடு கிழித்துக் காட்டாத தொல்லை அது. இருபது நாள் கட்டிலில் கிடந்தார்கள். வீடு திரும்பியதும் முதல் வேலையாக, தோப்பை அளந்து கல் நட நில அளவையாளர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டார்கள்.