சுவாமிமலை: ஆற்று மண்ணில் பிறக்கும் சாமிகள்

கும்பகோணத்திலிருந்து மேற்கே சிறிது தூரம்தான். பேருந்தை விட்டு இறங்கியதும் எல்லோரும் கோயிலுக்கே நடப்பார்கள். ஆறுபடை வீடுகளில் நான்காவது அல்லவா? பெயரில் மலை இருந்தாலும் இது கட்டுமலைதான். தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய 60 படிகள் ஏறினால் சுவாமிநாதன் சன்னதி. அங்கே கும்பிட்டுவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிப்பவர்கள் ஊரில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பேன்.

மீதிப் பாதி கீழே, பட்டறைகளில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய தாராசுரம் கோயில் வேலைக்கு வந்த ஸ்தபதிகளின் வழியினர் தாங்கள் என்று இங்குள்ள குடும்பங்கள் சொல்லிக்கொள்கின்றன. அவர்கள் இங்கே தங்கியதற்குக் காரணம் காவிரி. இந்த வளைவில் படியும் வண்டலைப் போல வார்ப்புக்கு இசைந்த மண் வேறெங்கும் வாய்க்காது என்பது பட்டறைக்காரர்களின் உறுதியான நம்பிக்கை.

வேலையைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்கலாம். தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து உருக்கி, கைக்கு இணங்கும் பதத்தில் உருவம் பிடிக்கிறார்கள். அளவுக்குத் தென்னை ஓலை நறுக்கு. சிலையின் உயரத்துக்கு ஓலையை வெட்டி, மடித்து மடித்துப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். முகத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை என்ற தாலக் கணக்கு அந்த மடிப்புகளில் அடங்கிவிடும்.

பிறகு மண் கட்டுதல். முதல் பூச்சுக்கு வண்டலை நைசாக அரைத்து, கரித்த உமியோடு குழைக்கிறார்கள். பூணூல் இழையும் நகக்கண்ணும்கூட அந்தப் பூச்சில் பதிந்தாக வேண்டும். அது காய்ந்ததும் மணல் கலந்த மண், அதற்கும் மேல் முரட்டு மண், சுற்றிலும் இரும்புக் கம்பிக் கட்டு. வறட்டி மூட்டத்தில் சுட்டால் மெழுகு உருகி ஓடி, சாமியின் வடிவத்தில் வெற்றிடம் மிஞ்சும். கூட்டைக் குழியில் புதைத்து, மூசையில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். பஞ்சலோகம் என்றாலும் பெரும்பங்கு செம்புதான். பொன்னும் வெள்ளியும் பேருக்குத்தான். மெழுகின் எடையைப் போல் எட்டு ஒன்பது மடங்கு உலோகம் பிடிக்கும். ஆறியபின் கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதே சிலை இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடியும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கப்புறம்தான் உளியும் அரமும் கொண்டு செய்யும் செதுக்கு வேலை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும்.

2023-இல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவிய 27 அடி நடராசரும் இவ்வூர்ப் பட்டறையில் பிறந்தவர்தான். எடை ஏறத்தாழ 18 டன். அந்தச் சமயம் பத்திரிகைகளெல்லாம் உயரத்தையும் எடையையும் எழுதித் தள்ளின. மண்ணைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

எனக்கோ மண்ணைப் பற்றித்தான் கவலை. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, மேலிருந்து புரண்டு வரும் வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கீழே மணல் அள்ளியவர்கள் ஆற்றை என்ன செய்தார்கள் என்பது டெல்டாக்காரர் எல்லோருக்கும் தெரியும். சுவாமிமலைச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குறியீடு பெயரைத்தான் காக்கும். படுகையைக் காப்பது வேறு வேலை. அதையும் கலை பாதுகாப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம் பேர் இல்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. காலையில் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் பாருங்கள். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். காளை மீது சாய்ந்திருந்த கை இன்று காற்றில் நிற்கிறது, காளை கிடைக்கவில்லை. அவரை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் சுவாமிமலை வந்துவிடலாம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பட்டறையில் மெழுகுத் துண்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தால் பாடப்புத்தகம் சொல்லாதது விளங்கும். சிலை வாங்குவதானால் கிலோ என்ன விலை என்று கேட்காதீர்கள், எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். வார்ப்பு என்றைக்கு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. ஊற்றும்போது மட்டும் குழியருகே போகாதீர்கள். கூட்டில் துளி ஈரம் மிச்சமிருந்தாலும் உலோகம் சீறித் தெறிக்கும்.