ஆடு தொடாத செடி

கொல்லையில் டீசல் விளையும் என்று நம்பிய ஒரு ரசாயன ஆசிரியரின் கணக்குப் பிழை

2005 ஜூலை மாதம். சத்தீஸ்கரின் துர்க் மாவட்டத்தில், சிவநாத் நதியிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு கிராமம். முதல் மழையில் இளகியிருந்த சரளை மண்ணில் நானும் என் நண்பரும் கன்று நட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு ஏக்கரில் இரண்டாயிரம் காட்டாமணக்குக் கன்றுகள். அந்தப் பகுதியில் அதற்கு ரத்தன்ஜோத் என்று பெயர்.

வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நண்பரின் தாயார் கேட்டார்: "குருஜி, ஆடு தொடாத செடியை வேலியில்தானே வைப்பார்கள்? வயலில் யாராவது வைப்பார்களா?"

நான் சிரித்தேன். "இது இனிமேல் வேலிச் செடி இல்லை அம்மா, டீசல் செடி" என்றேன். அந்தச் சிரிப்பு இன்னும் என்னை உறுத்துகிறது.

பிலாய் உருக்காலையின் முதல் ஊதுலை இயங்கத் தொடங்கிய 1959-ல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர் என் தந்தை. நான் பிறந்ததும் படித்ததும் பிலாயில்தான். முப்பத்தோரு வருடம் பள்ளியில் ரசாயனம் கற்பித்ததும் அங்கேதான். நண்பருடைய மகன் என் மாணவன். அப்படித் தொடங்கிய பழக்கம் நட்பானது. வயதில் மூத்த அவரை நான் 'பையா' என்பேன், அவர் என்னை 'குருஜி' என்பார். சத்தீஸ்கர் கிராமங்களில் குருஜியின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். 'பாட்டா' என்று அங்கே சொல்லப்படும் அந்த மேட்டு நிலத்தில் பரம்பரையாக அவர்கள் வரகு விதைத்துவந்தார்கள். என் பேச்சைக் கேட்டுத்தான் அதை நிறுத்தினார்.

அன்றைய சூழ்நிலையையும் சொல்ல வேண்டும். 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி-அமிர்தசரஸ் சதாப்தி எக்ஸ்பிரஸை 5 சதவீத பயோடீசல் கலந்து ஓட்டிப் பார்த்தது ரயில்வே. 2003-ல் வந்த திட்டக் கமிஷன் குழுவின் அறிக்கை, நாட்டில் 1.34 கோடி ஹெக்டேரில் காட்டாமணக்கு வளர்க்க முடியும் என்றது. 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்பது இலக்கு. 2005-ல் சத்தீஸ்கர் இதற்கென்றே தனி ஆணையம் அமைத்தது. கோடிக்கணக்கில் கன்றுகள் விநியோகிக்கப்பட்டன. அப்போதைய முதல்வர் ரமண் சிங்கின் அரசு வாகனமே பயோடீசலில் ஓடுகிறது என்று செய்தி வந்தது. இனி டீசல் 'காடி'யிலிருந்து வராது, 'பாடி'யிலிருந்து வரும் என்பது முழக்கம். இந்தியில் காடி என்றால் வளைகுடா, பாடி என்றால் வீட்டுக் கொல்லை. எதுகை அருமையாக அமைந்துவிட்டது. எதுகை அமைந்த திட்டங்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

விஞ்ஞானத்தில் எந்தக் குறையும் இல்லை. 1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். தாவர எண்ணெயின் மூலக்கூறு, கிளிசரின் என்ற தண்டில் மூன்று நீண்ட வால்கள் ஒட்டிய மாதிரி. அதனால்தான் எண்ணெய் கெட்டியாக இருக்கிறது, இன்ஜினின் நுண்ணிய துளைகளை அடைக்கிறது. காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலைச் சேர்த்து 60 டிகிரி சூட்டில் கிளறினால் வால்கள் கழன்று மெத்தனாலோடு சேர்ந்துகொள்ளும். ஒரு இரவு விட்டுவைத்தால் அடியில் பழுப்பு நிறத்தில் கிளிசரின், மேலே தேன் நிறத்தில் பயோடீசல். ஐந்து லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் எரிபொருள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து காட்டியபோது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்திருக்கலாம்.

செடி ஒழுங்காகக் காய்க்க மூன்று வருடமாகும். அதுவரை சும்மா இருக்க மனமில்லை. என்னிடம் பழைய டீசல் ஜீப் ஒன்று இருந்தது. பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சமோசாக் கடை. பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கேட்டேன். "எடுத்துக்கொண்டு போங்கள் மாஸ்டர்" என்றார் கடைக்காரர். டீசலில் ஐந்தில் ஒரு பங்கு கலந்து ஓட்டத் தொடங்கினேன்.

முதல் மாதத்தில் இரண்டு தடவை ஃபில்டர் அடைத்தது. பயோடீசல் நல்ல கரைப்பான். டேங்கில் பதினைந்து வருடமாகப் படிந்திருந்த கசடை எல்லாம் அது கழுவிக்கொண்டு வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாய் ஊறி இளகியது. மெக்கானிக் திட்டிக்கொண்டே மாற்றினார். பிறகு வண்டி அழகாக ஓடியது. கரும்புகை குறைந்தது, இன்ஜின் சத்தமும் குறைந்த மாதிரி இருந்தது. மைலேஜ் கொஞ்சம் குறைவு. பின்னால் வருகிறவர்களுக்கு இலவசமாக சமோசா வாசனை.

துணிச்சல் வந்து, ஒரு டிசம்பர் மாதம் முக்கால் டேங்க் அதையே ஊற்றினேன். மறுநாள் காலை நல்ல குளிர். வண்டி உயிர் பெறவில்லை. கடையில் பயன்படுத்தியது பாமாயில். அதிலிருந்து செய்த பயோடீசல் 15 டிகிரியை நெருங்கும்போதே மங்கத் தொடங்கும். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நெய் மாதிரி உறைந்திருந்தது. அதற்குப் பிறகு குளிர்காலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கலப்பதில்லை. ஆக, இன்ஜின் கேட்ட கேள்விக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது.

கடைக்காரர் கேட்டதற்குத்தான் பதில் இல்லை. வாரத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் அவரிடம் மிஞ்சாது. மூன்றாம் மாதம் விலை கேட்டார். "தள்ளுவண்டிக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்களே மாஸ்டர்" என்றார். பெரிய கடையில் கறுத்துப்போன எண்ணெய் சின்னக் கடையில் மறுபடி அடுப்பேறுகிறது என்ற விஷயம் அன்றுதான் எனக்கு உறைத்தது.

2008-ல் எங்கள் தோட்டம் பலன் தர வேண்டிய பருவம் வந்தது. ஒரு செடிக்கு ஒன்றரைக் கிலோ விதை என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாயிரம் செடிக்கு மூவாயிரம் கிலோ. கிடைத்தது 210 கிலோ.

வறட்சியில் காட்டாமணக்கு சாகாது. அது உண்மை. ஆனால் சாகாமல் நிற்பதற்கும் காய்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. காய்க்க வேண்டுமென்றால் மற்ற பயிரைப் போல அதற்கும் தண்ணீரும் உரமும் வேண்டும். தண்ணீரும் உரமும் கொடுக்க முடிந்த நிலத்தில் நெல் போடாமல் எவன் இதை வளர்ப்பான்? தவிர, காய்கள் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை. ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், கறுப்பு எல்லாம் இருக்கும். பையாவின் மனைவியும் மருமகளும் அதே செடிகளைச் சுற்றிச் சுற்றி வந்து பறித்தார்கள். வியாபாரி கிலோவுக்கு ஆறு ரூபாய் தந்தார். மொத்தம் 1,260 ரூபாய்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து, மூன்று வருடத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். மத்திய அரசின் கொள்கைப்படி 2006 ஜனவரியிலிருந்து எண்ணெய் நிறுவனங்கள் பயோடீசலை லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்க வேண்டும். ஒரு லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ விதை வேண்டும். ஆறு ரூபாய் வீதம் விதைக்கு மட்டுமே 21 முதல் 24 ரூபாய். ஆட்டும் கூலி, மெத்தனால், மின்சாரம், லாரி வாடகை எல்லாம் மிச்சமிருக்கும் ஓரிரண்டு ரூபாயில். விலையைக் கூட்டினால் வாங்குகிறவனுக்குக் கட்டாது. கூட்டாவிட்டால் விளைவிக்கிறவனுக்குக் கட்டாது. கடலைப் பிண்ணாக்கு போல மாட்டுக்கும் வைக்க முடியாது. இது விஷம்.

அந்த விஷத்தையும் பார்த்துவிட்டோம். அதே அக்டோபரில் ஒரு மாலை, முற்றத்தில் காயவைத்திருந்த விதையை பையாவின் ஐந்து வயதுப் பேரன் உடைத்துத் தின்றுவிட்டான். அதன் பருப்பு கடலை மாதிரி ருசிக்கும். அதுதான் ஆபத்து. அரைமணிக்குள் வாந்தியும் பேதியும். நல்லவேளையாக அன்று நான் அங்கே இருந்தேன். இருட்டில், சேறான பாதையில், பையனை மடியில் போட்டுக்கொண்டு அவர் முன்சீட்டில் உட்கார, துர்க்குக்கு ஜீப்பை விரட்டினேன். டேங்கில் இருந்தது என் பயோடீசல் கலவை. வண்டி ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. விதைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு குழந்தை கிடக்கிறது என்ற நினைப்பில் எனக்குத்தான் கை நடுங்கியது.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். விடியும்போது பையன் பிஸ்கட் கேட்டான். பையா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்கள் வண்டி வைத்திருந்ததால் பிழைத்தான் குருஜி" என்றார். அதைவிட அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அடுத்த கோடையில் செடிகளைப் பிடுங்கினோம். கூலி நான் கொடுத்தேன். அவர் மறுத்தார். வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

நாட்டின் கதையும் ஏறக்குறைய எங்கள் இரண்டு ஏக்கரின் கதைதான். 2011-12க்கான 20 சதவீத இலக்கு, 2009 கொள்கையில் 2017-க்குத் தள்ளிப்போனது. 2018 கொள்கையில் 2030-க்குள் 5 சதவீதம் என்று சுருங்கியது. நிஜத்தில் கலப்பது இன்றுவரை ஒரு சதவீதத்தை எட்டவில்லை. 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு ஸ்பைஸ்ஜெட் விமானம் காட்டாமணக்கு எரிபொருள் கலந்து பறந்தது. விதை போனது சத்தீஸ்கரிலிருந்து. அது பயோடீசல் அல்ல. டேராடூன் பெட்ரோலிய ஆய்வு நிலையம் வேறு முறையில் தயாரித்த விமான எரிபொருள். செய்தியைப் பார்த்துப் பெருமையாகத்தான் இருந்தது. கைதட்டத் தோன்றவில்லை.

பயோடீசல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். இந்தியா வருடத்துக்கு எரிக்கும் டீசல் சுமார் 9 கோடி டன். நாம் சாப்பிடும் சமையல் எண்ணெய் அத்தனையும் சேர்த்து சுமார் இரண்டரைக் கோடி டன். அதிலும் பாதிக்கு மேல் இறக்குமதி. நாடு முழுவதும் ஒரு வருடம் தாளிக்காமல், பொரிக்காமல் இருந்தாலும் மூன்று, மூன்றரை மாத டீசல்தான் தேறும். அவ்வளவு எண்ணெயைத் தரிசு நிலமும் ஏழை விவசாயியும் கொடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தோம்.

கொல்லை என்று சொன்னார்களே, அந்தக் கொல்லையில் இருப்பது கறுத்துப்போன பழைய எண்ணெய். 2018 ஜூலை முதல், சிதைவுப் பொருள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்று விதி வந்தது. அப்படிப்பட்ட எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு தொடங்கியது. அடுத்த ஆண்டு எண்ணெய் நிறுவனங்கள் அந்த பயோடீசலை லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்க முன்வந்தன. சமோசாக் கடைக்காரருக்குத் தள்ளுவண்டியைவிட இங்கே நாலு காசு அதிகம் கிடைத்தால் நகரத்துப் பேருந்துகளில் கொஞ்சம் புகை குறையும். அதைவிட முக்கியம், ஏழைகளின் வயிற்றுக்குள் போகும் நஞ்சு குறையும். நாட்டின் டீசல் தாகம் இதில் தீராது. தீரும் என்று யாராவது சொன்னால், சமோசா எத்தனை என்று கேளுங்கள்.

என்னைப் போல வீட்டில் செய்து பார்க்க யாரும் கிளம்ப வேண்டாம். மெத்தனால் கண்ணைப் பறிக்கும், சுலபமாகத் தீப்பிடிக்கும். இன்றைய பி.எஸ்.-6 வண்டிகள் என் ஜீப்பைப் போலப் பொறுமைசாலிகளும் அல்ல. கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றினால் செலவு பெரிதாக வரும்.

ஜீப்பை விற்று வருடங்களாகின்றன. போன மழைக்காலத்தில் பேருந்தில் அந்தக் கிராமத்துக்குப் போனேன். பாட்டா நிலத்தில் மறுபடியும் வரகு. நாங்கள் நட்ட காலத்தில் சீந்துவாரில்லாத அந்தத் தானியத்துக்கு 2021-ல் மாநில அரசே குவிண்டாலுக்கு 3,000 ரூபாய் விலை அறிவித்தது. கிலோ முப்பது ரூபாய். விஷ விதை தின்ற பேரன் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டான். பையாவின் தாயார் இப்போது இல்லை. "உங்கள் டீசல் செடியைக் கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்" என்றார் பையா.

பிடுங்கியதில் ஒரு வரிசையை மட்டும் அவர் விட்டுவைத்திருந்தார். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. அந்தப் பக்கம் ஒரு ஆட்டு மந்தை போய்க்கொண்டிருந்தது. ஆடுகள் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வரகு பத்திரமாக இருந்தது.