இன்னும் கால் சுற்று

பைக்கின் அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றியபோது, கூடவே வெள்ளிச் சுருள் ஒன்றும் வந்தது. அலுமினியம். ஓட்டையின் உள்மரை மொத்தமும் உரிந்து போல்ட்டோடு வந்துவிட்டது. போல்ட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

என் கோபம் நேரே வடிவமைத்தவர் மீது பாய்ந்தது. போல்ட் இரும்பு, சல்லிசாகக் கிடைக்கும். ஓட்டையோ கிராங்க் கேஸில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் என்ஜினையே இறக்கிப் பிரிக்க வேண்டும். இரண்டில் ஒன்று தேய்ந்துதான் ஆகவேண்டும் என்றால் மலிவானது அல்லவா தேய வேண்டும்? எடை குறையவும் சூடு சீக்கிரம் வெளியேறவும் அலுமினியத்தில் வார்க்கிறார்களாம். நியாயம்தான். அந்த நியாயத்தின் செலவு மட்டும் நம் தலையில்.

லேத்துப் பட்டறைக்காரர் என் புலம்பலைக் காதில் வாங்கவில்லை. போல்ட்டில் மாட்டியிருந்த செம்பு வாஷரை நகத்தால் சுரண்டினார். "இத யாருமே மாத்தல சார். கல்லு மாதிரி கெடக்கு."

குற்றவாளி அகப்பட்டது அப்போதுதான். புது வாஷர் மெத்தென்று இருக்கும். போல்ட் தலைக்கும் கேஸுக்கும் நடுவில் நசுங்கி, இருபுறத்து மேடுபள்ளங்களுக்கும் வளைந்துகொடுத்து ஆயிலை அடைக்கும். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப்போகும். அடுத்த சர்வீஸில் அதையே மாட்டினால் ஒரு சொட்டு கசியும். உடனே இன்னும் கால் சுற்று முறுக்குவார்கள். அதற்கடுத்தவர் அதன்மேல் கால் சுற்று. பல பைக்குகளில் இந்த போல்ட்டுக்குச் சொல்லியிருப்பது 20 முதல் 30 நியூட்டன் மீட்டர்தான். கால் மீட்டர் ஸ்பேனரின் நுனியில் 10 கிலோவைத் தொங்கவிட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். ஆனால் நம் ஊரில் அக்கறையை முறுக்கித்தான் காட்டுவார்கள். அத்தனை பேரின் அக்கறையும் சேர்ந்து மரையை இழுத்துவிட, பழி கடைசியாகக் கழற்றியவனுக்கு.

பட்டறைக்காரர் பழைய வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். அப்படிச் செய்தால் உளி எஃகு கெட்டியாகும், செம்போ இளகிவிடும். இளகியதுதான் அடைக்கும். இவ்வளவு எளிய சங்கதி முறுக்குகிறவர்கள் யாருக்கும் பிடிபடவில்லை.

"ஓட்டையப் பெருசாக்கி ஓவர்சைஸ் போல்ட் போட்டுரலாமா?" என்றார். எனக்கு ஜோசப் விட்வொர்த் ஞாபகம் வந்தது.

அவர் காலத்து இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் போல்ட் இன்னொன்றின் நட்டில் ஏறாது. ஒரு போல்ட் தொலைந்தால் செய்தவனையே தேடிப் போக வேண்டும். மான்செஸ்டரில் பட்டறை வைத்திருந்த விட்வொர்த், பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி அளந்தார். மரையின் கோணத்துக்குச் சராசரி எடுத்தார்: 55 பாகை. 1841இல் அதையே பொது அளவாக முன்வைத்தார். பின்னாளில் அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அளக்கும் கருவி செய்த மனிதர் அவர். உத்தமமான மரை ஒன்றைத் தானே கற்பனை செய்து ஊர்மேல் சுமத்தியிருக்கலாம். செய்யவில்லை. எல்லோரும் வெட்டியதற்கு நடுவில் போய் நின்றுகொண்டார். 1864இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைதான் வெட்டச் சுலபம் என்று தனி வழி போனார். இரு நாட்டு மரைகளையும் ஒத்துப்போகச் செய்யும் உடன்பாடு 1948இல்தான் வந்தது.

ஓவர்சைஸ் போல்ட் என்றால் என் வண்டிக்கென்று ஒரு தனி மரை. 1841க்கு முன்னால் போய் உட்கார எனக்கு இஷ்டமில்லை.

"அப்ப ஹெலிகாயில்" என்றார். ஓட்டையைப் பெரிதாக்கி, சீவல் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ள, மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் தடவிப் புது மரை போட்டார். அதற்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருளைத் திருகி இறக்கினார். கம்பியின் வெட்டுமுகம் சாய்சதுரம். வெளிவிளிம்பு அலுமினியத்தைக் கவ்வ, உள்விளிம்பு பழைய அளவிலேயே மரையாகிவிடுகிறது. எந்தக் கடையில் வாங்கிய போல்ட்டும் ஏறும். கம்பெனி போட்டதைவிட உறுதி.

அதன் பிறகு சர்வீஸ் பில்லில் முதலில் வாஷரைத்தான் தேடுகிறேன். ஆயில் விலைக்குப் பேரம் பேசுவதில்லை. வாஷர் மாற்றவில்லை என்றால் சண்டைதான். "கவலப்படாதீங்க சார், நல்லா டைட்டா வச்சிருக்கேன்" என்று யாராவது சமாதானம் சொன்னால் அது இன்னும் பெரிதாகிறது.