கேட்டவனுக்கே ஏமாற்றம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

காலை ஏழரை மணிக்கு ஆவடியில் மின்சார ரயில் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், பட்டரவாக்கம் வரும்வரை காலை ஊன்ற இடம் கிடைக்காது. தொழிற்பேட்டைக்காரர்கள் அங்கே இறங்கிய பிறகுதான் மூச்சுவிட முடியும். அந்த நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் நாவலை விரித்துப் படிப்பது என் வழக்கம். அதைப் பார்த்து நண்பன் ஒருவன் சொன்னான்: "இதெல்லாம் படிச்சா மனசுதான்டா கெட்டுப் போகும். டி.என்.பி.எஸ்.சி. கைடு வாங்கிப் படி, உருப்படலாம்."

அவன் சொன்னது முற்றிலும் தவறென்று நான் கூறமாட்டேன். என் மனம் கெட்டுத்தான் போயிற்று. எப்படிக் கெட்டது, கெட்ட பின் என்ன ஆயிற்று என்பதை மாணவத் தோழர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். தாலுகா அலுவலகத்தில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் நுழைந்ததில்லை. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கி, மாதம் ஆயிரம் ரூபாய் என் கணக்கில் விழ ஆரம்பித்தபோது, முதல் மாதப் பணத்தில் நூற்றைம்பது ரூபாயைப் பழைய புத்தகக் கடையில் செலவழித்தேன். அசோகமித்திரனின் 'தண்ணீர்' அப்படித்தான் என் கைக்கு வந்தது.

1973இல் வெளிவந்த நாவல் அது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு நடுவே, நடிகையாகும் கனவில் ஏமாந்துபோன ஜமுனா என்ற பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற கதை. படித்தபோது எனக்கு 2019 நினைவுக்கு வந்தது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. ஆவடி வழியாகத்தான் அது போயிற்று. தண்டவாளத்தோரம் நின்று நாங்கள் கைதட்டினோம். வீட்டுக்கு வந்தால், அம்மா காலி குடத்தோடு லாரிக்காகத் தெருவில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த தெரு அடுக்குமாடிக்குள் மட்டும் காசு கொடுத்து வாங்கிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்துகொண்டிருந்தன. அன்று எனக்கு அதில் விபரீதமாக எதுவும் தோன்றவில்லை. வெயில் எல்லோருக்கும் பொது, தண்ணீர் காசுள்ளவனுக்கு என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டேன். ஐம்பதாண்டுக்கு முந்தைய ஒரு நாவலைப் படித்த பிறகே, 'அது என்ன நியாயம்?' என்ற கேள்வி பிறந்தது.

கேள்வி ஒன்று பிறந்தால் அது தன் உறவினர்களையெல்லாம் அழைத்துக்கொண்டு வரும். ஆவடியைப் பற்றியே படிக்கலானேன். 1955 ஜனவரியில் எங்கள் ஊரில்தான் காங்கிரஸ் மகாசபை கூடியது. தேபர் தலைமை வகித்தார். சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே நம் குறிக்கோள், நாட்டின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. இந்திய வரலாற்றிலேயே 'ஆவடி' என்ற பெயர் அதனால்தான் இடம்பெற்றது. வியப்போடு பாட்டியிடம் சொன்னேன். "உங்க தாத்தா அந்தப் பந்தலுக்குக் குழி தோண்டப் போனவருதான்" என்றாள் பாட்டி. திருநின்றவூர்ப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்த பதினேழு வயதுப் பையன் அவர். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாதாம். கூலி ஒழுங்காகக் கிடைத்தது என்று மட்டும் சொல்வாராம்.

அவர் மகனாகிய என் தந்தை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். நான் ஏழாம் வகுப்பு படிக்கையில் அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் அந்த இயந்திரத்தில் போயின. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார். மேற்கொண்டு பத்தாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து, இனி வர வேண்டாம் என்று அனுப்பினார். "நல்ல மனுஷன், செலவெல்லாம் அவரே பார்த்துக்கினாரு" என்று அப்பா இன்றும் சொல்வார். ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948லேயே வந்துவிட்டது, அதில் தன்னைச் சேர்த்திருந்தால் நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் தொகை கிடைத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அந்நாளில் தெரியாது. இப்போது அவர் ஒரு கிடங்கில் இரவுக் காவலாளி.

இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தபோது என் நெஞ்சு கசந்தது. சென்ற ஆகஸ்ட் 15 அன்று கல்லூரியில் கொடி ஏறியபோது எல்லோரும் பாடினார்கள். எனக்கு வாய் வரவில்லை. 'யாருடைய நாடு இது?' என்று நின்றுகொண்டிருந்தேன். நண்பன் சொன்ன 'கெட்டுப்போன மனம்' இதுதான்.

அந்த நிலையில்தான் அசோகமித்திரனின் இன்னொரு நாவலான '18வது அட்சக்கோடு' கிடைத்தது. 1977இல் வந்தது. இந்தியா விடுதலை அடைந்த பின்னும் இணையாமல் இருந்த நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானம், 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து இணைந்தது வரையிலான காலம் அதன் களம். செகந்திராபாதில் ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரன், கிரிக்கெட் ஆடிக்கொண்டு கல்லூரிக்குப் போய்வருகிற நம்மைப் போன்ற பையன்தான். அவன் எதிர்பார்த்த வெற்றி வருகிறது. ஆனால் கலவர இரவில் அவன் தற்செயலாக நுழைகிற ஒரு முஸ்லிம் வீட்டில், அஞ்சி நடுங்கும் தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஓர் இளம்பெண் தன்னையே அவனுக்குக் கொடுக்க முன்வருகிறாள். தன்னை அவள் எப்படிப் பார்க்கிறாள் என்று உணர்ந்த கணத்தில், அருவருப்பும் அவமானமும் தாங்காமல் அவன் ஓடுகிறான்.

புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சந்திரசேகரன் ஏன் வெட்கப்பட வேண்டும்? அவன் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லையே! அவனுடைய தரப்பு வென்றது, அந்த வெற்றியின் பெயரால் அவள் அஞ்சினாள். அதனால்தான் வெட்கம். அயல் வீட்டுக் கூரை ஒழுகினால் நாம் பரிதாபப்படுவோம். நம் வீட்டுக் கூரை ஒழுகும்போது விருந்தாளி வந்தால்தான் கூசிப்போவோம். கொடியின் கீழ் எனக்கு வாய் வராமல் போனதும் இந்தக் கூச்சத்தால்தான் என்று புரிந்தது. இந்த நாடு என்னுடையது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி எதற்கு?

ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியை எடுத்தவுடன் முதலில் சுழிப்பிழை பார்க்கச் சொல்கிறார்கள். பிழை இருப்பதால் கருவியை யாரும் தூக்கி எறிவதில்லை. பிழையைக் குறித்துக்கொண்டு ஒவ்வோர் அளவையும் திருத்துகிறோம். பிழையே இல்லை என்று சாதிக்கிற மாணவனின் கணக்குதான் கடைசிவரை தவறாக இருக்கும். ஏமாற்றத்தைச் சொல்லும் நாவல்கள் ஒரு நாட்டின் சுழிப்பிழையைக் குறித்துக் கொடுக்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

இதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குப் படித்துக் காட்டத் தொடங்கினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்தான், ஆனால் பெரிய புத்தகம் என்றால் அவருக்குப் பயம். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலை நான்கு ஞாயிறுகளில் படித்தேன். 1977இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற அந்த நாவலில் பண்ணையாரைப் படைத்த விதம் குறித்துப் பெரும் விவாதங்கள் நடந்ததுண்டு. அப்பாவுக்கு அந்த விவாதமெல்லாம் தெரியாது. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "இது நிஜமா நடந்துச்சா?"

நடந்தது என்றேன். 1968 டிசம்பர் 25, தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணி. கூலியாகக் கூடுதல் நெல் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. இதைக் கேட்டு அப்பா மனம் உடைவார் என்று அஞ்சினேன்.

அவர் தம் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அவங்க கேட்டாங்கடா தம்பி. உசுரே போச்சு, ஆனா கேட்டாங்க. நான் கேக்கவேயில்ல. பத்தாயிரத்தைக் கும்பிட்டு வாங்கிக்கினு வந்தேன்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் தாத்தாவும் தந்தையும் இந்த நாட்டிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆகவே அவர்கள் ஏமாறவும் இல்லை. கிடைத்ததற்கெல்லாம் நன்றி சொன்னார்கள், கிடைக்காததற்கு விதியைச் சொன்னார்கள். உரிமை என்று ஒன்று உண்டு, அது தனக்கும் உரியது என்று நம்புகிறவனுக்கே ஏமாற்றம் வரும். அந்த வகையில் ஏமாற்றம்கூட ஒரு தகுதிதான். எங்கள் குடும்பத்தில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஆள் நான் என்று நினைத்திருந்தேன். அது தவறு என்று அடுத்த வாரமே தெரிந்தது.

அப்பா தாம் வேலை பார்க்கும் கிடங்கின் மேற்பார்வையாளரிடம் போய், "எனக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறீங்களா? அட்டை எங்கே?" என்று கேட்டுவிட்டு வந்தாராம். அம்மா பதறிப்போனாள். "இருக்கிற வேலைக்கும் உலை வச்சுட்டு வந்தாச்சா? இதெல்லாம் இவன் படிச்சுக் காட்டுற புஸ்தகத்தால வந்த வினை" என்று என்னைத் திட்டினாள். அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அப்பாவின் சம்பளம் நின்றால் என் மூன்றாம் ஆண்டு என்ன ஆகும் என்று இரவில் நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குக்கு நல்ல விடை வரவில்லை.

இதை எழுதும் இந்நாள்வரை மேற்பார்வையாளரிடமிருந்து பதில் வரவில்லை. வேலையும் போகவில்லை. மாதம் பிறந்தால் மறுபடி கேட்கப் போவதாக அப்பா சொல்லியிருக்கிறார். எந்தச் சட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறார்.

ரயில் நண்பனுக்கு ஒரு வார்த்தை: கைடும் வாங்கிவிட்டேன். இரண்டையும் படிக்கிறேன்.