வேண்டாம் என்பதும் விடையே

வினாவுக்கு விடை கூறும் முறைகளை எட்டாக வகுத்துரைக்கும் நன்னூல், மறுத்துக் கூறுவதையும் அவற்றுள் ஒன்றாகவே எண்ணுகிறது. ‘இதைச் செய்வாயா?’ என்ற வினாவுக்குச் ‘செய்யேன்’ என்பது மறைவிடை. இந்த இலக்கணத்தை வகுப்பறையில் பல்லாண்டுகள் நடத்தி வந்தவர் நாம். ஆயினும், நம் கையால் எழுதிய ஒரு கணிப்பொறி நிரல் மறைவிடையை விடையாக ஏற்காமல் போன நாளில்தான் அவ்விலக்கணத்தின் அருமை நமக்கு உறைத்தது. அந்த அனுபவத்தை மாணவச் செல்வங்களுடனும் பெரியோருடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2018ஆம் ஆண்டில் துறையின் பழைய ஒளிப்படங்களைத் தொகுத்து மலரில் வெளியிட முனைந்தோம். முன்னாள் மாணவர் இல்லங்களில் ஏறி இறங்கி 240 படங்களைத் திரட்டினோம். அவற்றுள் ஒன்று, பெரியவர் ஒருவர் தம் வீட்டுச் சுவரிலிருந்து இறக்கித் தந்த குழுப்படம். பின்வரிசையின் கடைசியில் நிற்கும் இளைஞர் அவருடைய அண்ணன். படிப்பு முடிந்த சில ஆண்டுகளிலேயே மறைந்தவர். அவருக்கு வேறு படம் கிடையாது. கண்ணாடிச் சட்டத்திலிருந்து அதைப் பக்குவமாக எடுத்து, ஸ்கேன் செய்து, அன்று மாலையே திருப்பிக் கொடுத்தோம். பெரியவர் மீண்டும் அதைச் சட்டத்துள் வைத்து மாட்டிக்கொண்டார்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் பக்க அமைப்பைப் பார்த்துக்கொள்ள எல்லாப் படங்களுக்கும் சிறிய படிகள் தேவைப்பட்டன. 240 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்குவது சலிப்பான வேலை. நோல் உடன்பிறப்புகளான தாமஸ், ஜான் இருவரின் முயற்சியில் உருவாகி, 1990ஆம் ஆண்டு முதற்பதிப்பாக வெளிவந்த ஃபோட்டோஷாப் மென்பொருளில் இதற்கு ஒரு வழி உண்டு. செய்யவேண்டிய செயல்களை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ‘ஸ்கிரிப்ட்’ என்னும் சிறு நிரலாக எழுதிக் கொடுத்தால், மென்பொருள் அவற்றைத் தானே வரிசையாகச் செய்து முடிக்கும். அந்தக் கலையை நாம் அரைகுறையாகக் கற்றிருந்தோம். கற்ற அளவுக்கு ஒரு நிரலை எழுதினோம்.

நம் நிரல் முதலில் ஒரு பெட்டியைத் திறந்து, ‘சிறிய படங்களை எந்தக் கோப்புறையில் சேமிக்கலாம்?’ என்று கேட்கும். யாரும் கோப்புறையைக் காட்டாவிட்டால் என் செய்வது? மூலப்படங்கள் இருக்கும் இடத்திலேயே சேமித்துவிடலாம் என்று எழுதி வைத்தோம். பயன்படுத்துவோருக்கு ஒரு வேலை மிச்சம் என்றே அப்போது எண்ணினோம்.

துறை மாணவி ஒருவரிடம் அப்பணியை ஒப்படைத்தோம். அவர் நிரலை இயக்கினார். பெட்டி திறந்தது. மூலப்படங்களைப் படியெடுத்து வைக்கவில்லையே என்று அவருக்கு அந்நேரம் நினைவு வந்தது. நம்மைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று கருதிக் ‘கேன்சல்’ பொத்தானை அழுத்தினார். நிரல் நிற்கவில்லை, படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து சுருங்கி மூடிக்கொண்டே இருந்தன. அஞ்சிப்போன அவர் எஸ்கேப் விசையைப் பலமுறை அழுத்தினார். ஏதோவொரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு நிரல் ஒருவழியாக நின்றது. அதற்குள் 37 படங்களின் மேல் அவற்றின் சிறிய படிகள் எழுதப்பட்டுவிட்டன. நிரல்வழிச் சேமிக்கும்போது, அதே பெயரில் கோப்பு இருந்தால் ஃபோட்டோஷாப் நம்மைக் கேளாமலேயே அதன்மேல் எழுதிவிடும். 37இல் பெரியவரின் குழுப்படமும் ஒன்று. 6000 புள்ளி அகலம் கொண்டிருந்த அப்படம் 600 புள்ளியாகச் சுருங்கியிருந்தது.

நாம் முதலில் செய்தது அம்மாணவியைக் கடிந்துகொண்டதுதான். “எதை அழுத்தினாய்?” என்று உரத்த குரலில் கேட்டோம். “வேண்டாம் என்றுதானே ஐயா அழுத்தினேன்” என்று அவர் கலங்கிய கண்களுடன் சொன்னார். நாம் நம்பவில்லை. இரவு வீட்டில் நிரலை வரிவரியாகப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. கோப்புறை கேட்கும் பெட்டியில் ‘கேன்சல்’ அழுத்தினால் நிரலுக்கு ‘நல்’ என்னும் வெற்று மதிப்பு வந்து சேரும். அந்த வெறுமையை ‘இடம் சொல்லப்படவில்லை, ஆகவே பழைய இடத்திலேயே சேமி’ என்று நம் நிரல் பொருள்கொண்டது. மாணவி தெளிவாக மறுத்திருக்கிறார். அம்மறுப்பை இசைவாக மாற்றிக்கொண்டது நம் வரி. மறுநாள் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் அவரிடம் வருத்தம் தெரிவித்தோம்.

36 படங்களை மீண்டும் பெற்று ஸ்கேன் செய்ய முடிந்தது. பெரியவரின் வீட்டுக்கு நாம் சென்றபோது மழைக்காலம் கழிந்திருந்தது. ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எவ்வளவோ பக்குவமாக எடுத்தும் வலப்பக்க ஓரம் உரிந்து கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அந்த ஓரத்தில்தான் அவருடைய அண்ணன் நின்றிருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். நெடுநேரம் மௌனமாக இருந்த பெரியவர், “வேண்டாம் என்று சொன்ன பிறகும் அது ஏன் தம்பி செய்தது?” என்று மட்டும் கேட்டார். விடை சொல்ல நமக்கு நா எழவில்லை.

அந்த வினாவுக்கு விடை தேடியே பின்னர் நாம் நிரலெழுதும் முறையை ஒழுங்காகக் கற்றோம். கற்றவற்றுள் முதலாவது, மறுப்பையும் வெறுமையையும் வேறுபடுத்தி அறிதல். பெயரொன்றை எழுதச் சொல்லும் பெட்டியில் ஒன்றும் எழுதாமல் ‘ஓகே’ அழுத்தினால் எழுத்தில்லாத வெற்றுச்சரம் கிடைக்கும். ‘கேன்சல்’ அழுத்தினால் ‘நல்’ கிடைக்கும். முன்னது, ‘எழுத ஒன்றுமில்லை, மேலே செல்’ என்பது. பின்னது, ‘மேலே செல்லாதே’ என்பது. இரண்டையும் ஒன்றாக எண்ணிச் சோதிக்கும் நிரல் ஒருநாள் தவறியே தீரும். ஆகவே கேட்டவுடனே ‘நல்’ வந்ததா என்று பார்க்கவேண்டும்; வந்திருந்தால் ஒரு படத்தையும் தொடுவதற்கு முன்பே நின்றுவிட வேண்டும்.

இரண்டாவது, மறுத்தவரைக் குற்றவாளியாக்காமை. நிரல் திறந்துவைத்த ஃபில்டர் பெட்டியொன்றில் பயனர் ‘கேன்சல்’ அழுத்தினால், ஃபோட்டோஷாப் அதனை 8007 என்னும் எண்ணுள்ள பிழையாக நிரலுக்கு அறிவிக்கும். ‘பயனர் செயலைக் கைவிட்டார்’ என்பதே அதன் பொருள். அப்பிழையைக் ‘கேட்ச்’ பகுதியில் பிடித்து, எண் 8007 ஆயின் அமைதியாக முடித்துக்கொள்ள வேண்டும். அவர் செய்தது பிழையன்று, எச்சரிக்கை மணி எதற்கு? வேறு எண்ணாயின் அதை மறைக்காமல் காட்டவேண்டும். எல்லாப் பிழைகளையும் சேர்த்து விழுங்கிவிடும் நிரல், உண்மையான கோளாற்றையும் மறைத்துவிடும்.

மூன்றாவது, எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தல். நிரல் தன் வசதிக்காக அளவுகோலின் அலகைப் புள்ளிகளாக மாற்றியிருக்கலாம்; உரையாடல் பெட்டிகள் தோன்றாதவாறு அடக்கியிருக்கலாம். பாதியில் நின்றாலும் முழுமையாக முடிந்தாலும், பழைய அமைப்புகளை மீட்டுவைக்கும் வரிகளை ‘ஃபைனலி’ பகுதியில் எழுதிவிட்டால் அவை இரு நிலையிலும் இயங்கும். படத்தில் செய்த மாற்றங்களுக்கும் வழியுண்டு. 1998ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பு முதல், செய்த செயல்களை வரிசையாகக் காட்டும் ‘ஹிஸ்டரி’ பலகை ஃபோட்டோஷாப்பில் இருக்கிறது. நிரல் தொடங்குமுன் படத்தின் நிலையைக் குறித்துக்கொண்டு, பயனர் கைவிட்டால் அந்நிலைக்கே படத்தைத் திருப்பிவிடலாம்.

நான்காவதே நம்மைச் சுட்ட பாடம். ‘ஹிஸ்டரி’ திரும்பப் பெறுவது திறந்திருக்கும் படத்தைத்தான். வட்டில் ஒருமுறை மேலெழுதிய கோப்பை அது மீட்டுத் தராது. ஆகையால், மீளமுடியாத செயலை நிரல் இறுதியிலேயே செய்யவேண்டும். அதையும் மூலத்தின்மேல் செய்யலாகாது. சேமிக்கும் இடமும் மூலப்படம் இருக்கும் இடமும் ஒன்றாயின் நிரல் தானே மறுத்து நிற்கவேண்டும். பயனர் மட்டுமன்றி நிரலும் ‘வேண்டாம்’ சொல்லக் கற்கவேண்டிய இடம் இது. மூலப்படங்களுக்கு வேறோர் இடத்தில் படி எடுத்து வைக்காமல் வேலையைத் தொடங்கியதோ, எந்த நிரல்மீதும் சுமத்த முடியாத நம் சொந்தப் பிழை.

புதிய நிரலை எழுதி முடித்ததும் அதே மாணவியை அழைத்துச் சோதிக்கச் சொன்னோம். அவர் தயங்கியவாறே இயக்கி, பெட்டி திறந்ததும் ‘கேன்சல்’ அழுத்தினார். பெட்டி மூடியது. படங்கள் திறக்கவில்லை, செய்தி ஒன்றும் வரவில்லை, அலகு மாறவில்லை. “ஒன்றுமே நடக்கவில்லையே ஐயா” என்றார். அந்த ‘ஒன்றும் நடக்காமை’க்காகத்தான் பதினைந்து நாள் உழைத்தோம் என்று சொன்னோம். அவர் சிரித்துவிட்டார்.

மலர் வெளிவந்தது. பெரியவரின் படத்தை நிரல் விட்டுவைத்த 600 புள்ளி அளவிலேயே, உள்ளங்கை அகலத்தில் அச்சிட்டோம். பின்வரிசையின் கடைசியில் ஓர் இளைஞர் நிற்பது தெரியும். முகம் கலங்கலாகவே இருக்கும். மலரைப் பெற்றுக்கொண்ட பெரியவர் அந்தப் பக்கத்தைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்; பிறகு, “இந்த அளவாவது இருக்கிறதே” என்றார்.

நிரலெழுதப் புகும் மாணவர்களே, உங்கள் நிரலின் வேகத்தைச் சோதிப்பதற்கு முன், அதனிடம் ஒருமுறை ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள். அது கேட்கிறதா என்று பார்த்த பிறகு பிறர் கையில் கொடுங்கள்.