பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது

கருணாபுரம் என்று சொன்னால் இப்போது யாரும் அது எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. "ஓ, அந்த ஊரா" என்கிறார்கள். சென்னையில் வீடு பார்க்கப் போன இடத்திலும் இதைக் கேட்டேன், வேலைக்கான நேர்காணலிலும் கேட்டேன். 2024 ஜூனுக்கு முன்பு அது கள்ளக்குறிச்சி நகரத்துக்குள் ஒரு சின்னப் பகுதி, அவ்வளவுதான். கூலி வேலைக்கும் மூட்டை தூக்கவும் போகிற ஆண்கள், வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் நடந்து போகிற தூரம்.

அடுத்து வரும் கேள்வி, "நீங்க என்ன பண்றீங்க?" மென்பொருளைப் பிரித்துப் பார்க்கிறேன் என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால் இங்கே கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நிரலை எழுதும்போது அது மனிதர் படிக்கக்கூடிய வரிகளாகத்தான் இருக்கும். பிறகு கம்பைலர் அதை இயந்திரத்துக்கு மட்டும் புரிகிற எண்களாக மாற்றிவிடுகிறது. எழுதியவர் வைத்த பெயர்கள், ஓரத்தில் குறித்த விளக்கங்கள் எல்லாம் பெரும்பாலும் போய்விடும். மிஞ்சுவது பைனரி. நம் கைக்கு வரும் மென்பொருளில் பெரும்பகுதி இந்த வடிவத்தில்தான் வருகிறது. அரைத்த மாவைத் தொட்டுப் பார்த்து, உளுந்து எவ்வளவு, வெந்தயம் போட்டார்களா, எத்தனை மணி நேரம் ஊறியது என்று என் அம்மா சொல்லிவிடுவார். பைனரியை வைத்துக்கொண்டு அதைத்தான் நான் செய்கிறேன். ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்பது பெரிய பெயர். வேலை இதுதான்.

அம்மாவுக்கு இந்த உவமை பிடிக்கவில்லை. "மாவ யாரும் மறைச்சு வெச்சு விக்கறதில்ல பாப்பா" என்றார். சரிதான். மறைத்து விற்கிற பொருளுக்கு எங்கள் தெருவில் வேறு உதாரணம் இருக்கிறது.

அந்த ஜூனில் பாக்கெட்டில் வந்த சாராயத்தில் மெத்தனால் இருந்தது. குடிக்கிற எத்தனாலையும் கொல்கிற மெத்தனாலையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. குடித்தவுடனும் தெரியாது. உடம்புக்குள் அது மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாறி, மணிக்கணக்கில் தாமதித்துத்தான் கண்ணையும் உயிரையும் பிடிக்கும். முதல் சாவுகள் நடந்தபோது காரணம் சாராயம் இல்லை என்று அதிகாரத் தரப்பிலிருந்து வந்த பேச்சு செய்திகளிலும் வந்தது. 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. ஆட்சியர் மாற்றப்பட்டார், எஸ்.பி. இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. இவையெல்லாம் செய்தித்தாளில் இருக்கின்றன. வண்டி கிடைக்காமல் ஆளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய பெண்களிடம் அன்றைக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: உள்ளே என்ன இருந்தது? அதை ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும், அதிகாரி சொல்ல அனுமதிக்க வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டும்.

என் தொழிலிலும் இதே வரிசையில் நடந்த ஒரு கதை உண்டு. அதுவும் தமிழ்நாட்டில்தான்.

2019 அக்டோபர் 28 அன்று, சந்தேகப்படும் கோப்புகளைப் போட்டுச் சோதிக்கும் வைரஸ்டோட்டலில் கிடந்த ஒரு பைனரி ஆராய்ச்சியாளர்களின் கண்ணில் பட்டது. டிட்ராக் என்ற வேவு மென்பொருளின் ஒரு வடிவம் அது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு பயனர் பெயர் எழுதி வைக்கப்பட்டிருந்தது: கேகேஎன்பிபி, பின்சாய்வுக் கோடு, அட்மினிஸ்டிரேட்டர். கேகேஎன்பிபி என்பது கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கம். கூடவே ஒரு கடவுச்சொல்லும் உள்வலையமைப்பின் முகவரி ஒன்றும் இருந்தன. போகிற போக்கில் பரவுகிற வைரசுக்கு இந்த விவரம் தேவையில்லை. ஏற்கெனவே உள்ளே போய் வந்தவர், அந்த இடத்துக்கென்றே தைத்த சட்டை அது.

மறுநாள், 29-ஆம் தேதி, நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. பரவுவது பொய்த் தகவல், கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்போடு இணைக்கப்படாதவை, தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகம், அந்த மென்பொருள் தங்கள் கணினி ஒன்றில் இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே தெரிய வந்ததாகவும், அது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினி, உலையை இயக்கும் வலையமைப்பு தனி என்றும் சொன்னது. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். முதலாவது, கேட்காத கேள்விக்குப் பதில். உலையை யாராவது தொட்டார்களா என்பது ஒரு கேள்வி. கணினிக்குள் வேவு மென்பொருள் இருந்ததா என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கு இல்லை என்று சொல்லி இரண்டையும் மூடிவிடலாம் என்று பார்த்தார்கள். கோப்பு வெளியே கிடந்ததால் ஒரு நாளுக்கு மேல் அது தாங்கவில்லை.

கூடங்குளம் என்றதும் இடிந்தகரைப் பெண்கள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். 2011-லிருந்து லூர்து மாதா ஆலயத்துப் பந்தலில் உட்கார்ந்தபடியே பீடி சுற்றிக்கொண்டு போராடியவர்கள். "உங்களுக்கு அணு விஞ்ஞானம் தெரியுமா" என்பதுதான் அவர்களை நோக்கித் திரும்பத் திரும்ப வீசப்பட்டது. அவர்கள் தரப்போ அறிக்கைகளைக் காட்டுங்கள் என்று கேட்டது. பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தர வேண்டும் என்று 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையமே உத்தரவிட வேண்டியிருந்தது. படிக்கத் தராமல் வைத்துக்கொண்டு, படிக்கவில்லையே என்று ஏளனம் செய்வது பெண்களுக்குப் பழகிப்போன விளையாட்டு. பைனரியும் அப்படி ஒரு தரப்படாத அறிக்கைதான் என்று எனக்குத் தோன்றும்.

அதைப் படிக்கிற கருவிகள் ஒரு காலத்தில் விலை அதிகம். 2019 மார்ச்சில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, தான் உள்ளுக்குள் பயன்படுத்திவந்த கிட்ரா என்ற கருவியை இலவசமாக வெளியிட்டது. உலகத்தையே ஒட்டுக்கேட்டவர்களின் கருவியை நான் கருணாபுரத்தில் உட்கார்ந்து பயன்படுத்துகிறேன் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, சங்கடமும் இருக்கிறது. அதற்கும் முன்பே, 2006-இலிருந்து ராடாரே இருக்கிறது. தனி ஆட்கள் சேர்ந்து வளர்த்த, கட்டளை வரியிலேயே வேலை செய்கிற கருவி.

கிட்ராவைச் சன்னல்களோடு திறந்தால் என் மடிக்கணினி திணறும். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய திங்க்பேட் அது. அதனால் ஹெட்லெஸ் என்ற முறையில், திரையே இல்லாமல், கட்டளை வரியிலிருந்து ஓட்டுகிறேன். தலையில்லாதது என்று பெயர், முகம் காட்டாமல் வேலை செய்யும் என்று பொருள். முகம் காட்டாமல் வேலை செய்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை.

ஒரு கோப்புறையில் இருநூறு கோப்புகள் இருந்தால், ஒவ்வொன்றையும் கையால் திறந்து கொண்டிருக்க முடியாது. ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் போதும். அது முதலில் ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை எடுக்கும், அதாவது ஷா-256. பிறகு என்ன வகைக் கோப்பு என்று பார்க்கும். ஸ்டிரிங்ஸ் என்ற கட்டளையால் உள்ளே இருக்கும் படிக்கக்கூடிய சொற்களை உருவி எடுக்கும். கிட்ராவிடம் கொடுத்து, எந்த வேலைக்கு இயங்குதளத்தின் உதவியைக் கேட்கிறது என்று பட்டியல் போடும். யாரா விதிகளோடு ஒப்பிட்டு, தெரிந்த முகங்களைத் தனியே ஒதுக்கும். கோப்பை ஓட்டிப் பார்ப்பதில்லை, படிப்பது மட்டும்தான், அதனால் விஷம் வெளியே வராது. டிட்ராக்கைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்த விதமும் இந்த வகைதான். இந்திய வங்கிகளின் ஏ.டி.எம்.களைக் குறிவைத்த ஒரு மென்பொருளில் கிடைத்த அடையாளத்தை வைத்துக்கொண்டு தேடினார்கள். அதே சாயலில் 180-க்கும் மேற்பட்ட கோப்புகள் கிடைத்தன. ஒன்றைப் பிரிப்பது ஆளின் திறமை. நூற்றெண்பதைத் தேடிப் பிடிப்பது இயந்திரத்தின் பொறுமை.

கட்டளை வரி எனக்கு ஏன் ஒத்துப்போகிறது என்பதற்கு இன்னொரு காரணம், அதைத் தொழில்நுட்பப் புத்தகங்கள் எழுதுவதில்லை. சன்னல் வைத்த கருவி தொடர்ந்த கவனம் கேட்கிறது. இருபது சுட்டிச் சொடுக்குகளுக்கு நடுவில் தண்ணீர் வந்துவிட்டால் எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியாது. கட்டளை வரியில் நான் செய்த ஒவ்வொன்றும் எழுத்தாக நிற்கும். எழுந்து போய்விட்டு வந்து விட்ட வரியிலிருந்து தொடரலாம். பெண்களின் நேரம் முழுத்துணியாக வருவதில்லை, துண்டு துண்டாகத்தான் வருகிறது.

ஆனால் தானாக ஓடுவதால் மிச்சமாகும் நேரம் யாருக்குப் போகிறது என்றும் கேட்க வேண்டும். "அதான் அதுவா ஓடுதே, நீ வந்து வெங்காயத்த உரி" என்பார் அம்மா. என் தம்பியும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறான். அவன் கணினி ஓடிக்கொண்டிருந்தால் அவன் வேலையில் இருக்கிறான். என் கணினி ஓடிக்கொண்டிருந்தால் நான் சும்மா இருக்கிறேன்.

இயந்திரம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் இல்லை. டிட்ராக்கின் உண்மையான பகுதி வேறொரு கோப்பின் வாலில் மறையாக்கம் செய்து ஒட்டப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட கோப்பின் மேலோட்டை மட்டும் வருடினால் குப்பை எழுத்துகள்தான் வரும். அது வடகொரியாவோடு தொடர்புடைய லாசரஸ் குழுவின் கைவேலை என்று காஸ்பர்ஸ்கி சொன்னதற்கு ஆதாரம், 2013-இல் தென்கொரியாவைத் தாக்கிய மென்பொருளோடு இருந்த ஒற்றுமை. ஒற்றுமை வலுவானதுதான். ஆனால் யார் செய்தது என்ற கேள்வியை ஒரு பட்டியலின் கடைசிக் கட்டத்தில் எழுதி முடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் அந்தப் படிக்கிற வேலை ஆண்களுக்கு, அதை அறிக்கையாகத் தட்டச்சு செய்யும் வேலை பெண்களுக்கு.

இந்தப் பிரிவினை பிற்காலத்தில் வந்தது. எலிசபெத் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கப் பெண், மதுவிலக்குக் காலத்தில் கடல் வழியாகச் சாராயம் கடத்தியவர்களின் ரகசியச் செய்திகளைக் காகிதமும் பென்சிலுமாக உடைத்தவர். 1933-இல் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது கரும்பலகை கேட்டு வாங்கி, எப்படி உடைத்தேன் என்று நடத்தியே காட்டினார். கரும்பலகை கேட்டதுதான் எனக்குப் பிடித்தது. "நான் நிபுணர், நம்புங்கள்" என்று அவர் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, அந்த ஜூனில் வீட்டுக்காரரை இழந்தவர், கைப்பேசியில் ஒரு கடன் ஆப் வழியாக மூவாயிரம் ரூபாய் வாங்கியிருந்தார். தவணை தாண்டியதும் அவர் படத்தை அசிங்கமாக ஒட்டி, அவர் கைப்பேசியில் இருந்த எண்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். இது அவருக்கு மட்டும் நடந்ததில்லை. இந்தியாவில் புழங்கும் சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்டவிரோதமானவை என்று ரிசர்வ் வங்கியின் குழுவே 2021-இல் சொல்லியிருக்கிறது. "என் நம்பரு எல்லாம் அவனுக்கு எப்படிடி போச்சு?" என்றார் அக்கா. அந்த ஆப்பின் கோப்பை எடுத்து ஏ.பி.கே.டூலில் பிரித்தேன். தொடர்புப் பட்டியலையும் படங்களையும் கேட்கும் அனுமதிகள், அவற்றை மொத்தமாக அனுப்பும் பகுதி, அது போய்ச் சேரும் முகவரி, எல்லாம் இருந்தன. அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

புகார் கொடுக்கப் போன இடத்தில், "வீட்டுல படிச்ச ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லும்மா" என்றார்கள். அக்கா என்னைக் காட்டவும் இல்லை, நகரவும் இல்லை. காகிதத்தை மேசையில் விரித்து, நான் சொல்லிக் கொடுத்தபடி முதல் வரியிலிருந்து அவரே படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது பக்கத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

இது சட்டப்படி சரியா என்று மாணவிகள் கேட்பதுண்டு. ஒரு நிரல் எப்படி இயங்குகிறது என்று கவனிக்கவும் ஆராயவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. முறையாகக் கைக்கு வந்த பிரதியாக இருக்க வேண்டும், எடுத்ததை வைத்து இன்னொருவர் கணினிக்குள் நுழையக் கூடாது. அக்காவின் கைப்பேசியில் அக்கா நிறுவிய ஆப் அது.

அந்த ஆப் பிறகு காணாமல் போனது. வேறு பெயரில், வேறு நிறத்தில் மூன்று வந்தன. அதே ஸ்கிரிப்டை அவற்றின் மீது ஓட்டினேன். மூன்றிலும் அதே முகவரி. ஸ்கிரிப்டை இப்போது தெருவில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணிடமும் கொடுத்திருக்கிறேன். ஸ்டிரிங்ஸ் கட்டளை இயல்பில் ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத்து என்று எண்ணும், தமிழ் அதற்குக் குப்பை. அவள் அதைக் கவனித்து ஒரு சுவிட்சைச் சேர்த்தாள். அடுத்த கோப்பில், தவணை தாண்டினால் காட்டுவதற்கென்று தயாராக வைத்திருந்த மிரட்டல் வாசகங்கள் நல்ல தமிழில் வரிசையாக வந்தன. அவற்றையும் புகாரோடு சேர்த்திருக்கிறோம்.